பழசு கழித்த மத்தியானம்

லேத்தை நிறுத்தச் சொல்லாதீங்கண்ணா, ஓடட்டும். சத்தம் இருந்தாத்தான் எனக்குப் பேச்சு வரும். எங்க சர்வர் ரூம்லயும் இப்படித்தான், காலையில இருந்து பொழுதாகற வரைக்கும் ஃபேன் சத்தம். அமைதியா இருந்தா எனக்கு வாய் அடைச்சுக்கும்.

காபி வேண்டாமுங்க. சரி, அரை டம்ளர் குடுங்க. என் பேரு தெய்வசிகாமணி. உங்க பொண்ணு சுகிர்தா சொல்லியிருக்குமே, சிகாமணி சார்னு. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில கம்ப்யூட்டர் செக்‌ஷன்ல பாப்பாவுக்கு மேல இருக்கறவன் நான்தான். பல்லடத்துல பஸ் இறங்கி, லேத் பட்டறைக்காரரு, பொண்ணு ஆஸ்பத்திரியில வேலை பார்க்குதேன்னு கேட்டேன், ரெண்டாவது ஆளே கையைக் காட்டிட்டாரு. பாப்பா இல்லீங்களா? மார்க்கெட்டுக்கா? நல்லதாப் போச்சுங்க. அது வர்றதுக்குள்ள நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டுக் கெளம்பிடறேன்.

நாளைக்குப் பத்து மணி விசாரணை விஷயமாத்தான் வந்தேனுங்க.

எந்த விசாரணையா? ஏனுங்கண்ணா, பாப்பா உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலீங்களா? பத்து நாள் லீவுன்னா சொல்லியிருக்குது? தாராபுரத்துல நல்லா வேலை பார்த்ததுக்கு ஆஸ்பத்திரியில சந்தோசப்பட்டு லீவு குடுத்தாங்கன்னா?

அய்யோ. லீவு இல்லீங்கண்ணா. சஸ்பெண்டு.

உக்காருங்க. நீங்க நின்னுட்டு இருந்தா எனக்குச் சொல்ல வராது. மொதல்ல இருந்து சொல்றேன், குறுக்க கேக்காதீங்க, அப்புறம் விட்ட எடம் தெரியாமப் போயிரும்.

உங்க பட்டறையில டூல் ரூம் இருக்குது இல்லீங்க? போல்ட்டோ பேரிங்கோ, எது வேணும்னாலும் ஆளுங்க அங்க போய்த்தானே எடுக்கறாங்க? அதே மாதிரி ஒண்ணுதான் என் வேலை. ரெப்போம்பாங்க. எங்க ஆஸ்பத்திரிக்குப் பதினாலு கிளை, மொத்தம் இருநூத்திப் பன்னண்டு சர்வர். ஒண்ணுகூட இன்டர்நெட்டைப் பார்க்கக்கூடாது, நோயாளிங்க விவரம் இருக்கறதால அது கண்டிசன். அப்ப அதுகளுக்கு ஒரு சாஃப்ட்வேர் வேணும்னா, அப்டேட் வேணும்னா என்ன பண்ணும்? என் மெஷின்லதான் வந்து எடுத்துக்கணும். வெளிய இருந்து வர்றதை நான் இறக்கி, வைரஸ் பார்த்து, ஒரு சோதனை மெஷின்ல நாலு நாள் ஓட்டிப் பார்த்து, அப்புறம்தான் உள்ள விடுவேன். பதினோரு வருஷமுங்க. ஒரு கெட்டது உள்ள போனதில்ல. ஆனா பாருங்க, அப்படி ஒரு மெஷின் இருக்கறதே ஆஸ்பத்திரியில பாதிப் பேருக்குத் தெரியாது. நல்லா ஓடற வரைக்கும் யாருக்கு வேணும்.

பாப்பா வந்து ரெண்டு வருஷமாச்சு. நல்ல புள்ளைங்க. நான் ஒண்ணும் மறைச்சுப் பேச மாட்டேன், கெட்டிக்காரப் புள்ளை. நான்தான் எல்லாம் சொல்லிக் குடுத்தேன். இந்த ஆனியில புதுசா ஒரு மேனேஜர் வந்தாரு, வந்ததும் ஒரு ரூல் போட்டாரு. ரெப்போவுல இருந்து எதையாவது அழிக்கணும்னா அது சுகிர்தா ஐடியில மட்டும்தான் முடியும்னு. என் ஐடியில பார்க்கலாம், சேர்க்கலாம், அழிக்க முடியாது. என்னை இறக்கிட்டாங்கன்னு ரெண்டொருத்தர் பேசிக்கிட்டாங்க. அப்படியெல்லாம் இல்லீங்க. வயசாச்சு, வேலைப் பளுவைக் குறைக்கலாம்னு பண்ணியிருக்காங்க. நான் அதைப் பத்தி நெனைக்கறதே இல்ல.

இப்ப ஆயுத பூஜைக்கு வர்றேன். நீங்க பட்டறை வெச்சிருக்கறவரு, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. பூஜைக்கு லீவுங்கறதால நாங்க முந்தின நாள் சாயங்காலமே ஆபீஸ்ல பூஜை போட்டுருவோம். மத்தியானமே ரூமைத் துடைச்சு, சர்வர் அடுக்கியிருக்கற ராக்குக்கு எல்லாம் திருநீத்துப் பட்டை போட்டு, குங்குமம் வெச்சுருவேன். ரெப்போ மெஷினுக்கு உள்ளேயும் சுத்தம் பண்ணுவேன். பழசு கழிக்கறதுங்க. ஒரே சாஃப்ட்வேர் ஏழு வெர்ஷன், எட்டு வெர்ஷன் சேர்ந்து கெடக்கும். புதுசு ரெண்டை வெச்சுட்டு மீதியை அழிச்சிருவேன். அழிச்சுட்டு, நெட்வொர்க் ஒயரைக் கழட்டி, மெஷினை அப்படியே பூஜையில வெச்சிருவேன். பூஜை அன்னைக்கு அதுக்கு ஓய்வு. விஜயதசமி காலையில கற்பூரம் காட்டிட்டுத்தான் மறுபடி மாட்டுவேன். பூஜையில வெச்சதை நடுவுல தொடக்கூடாதில்லீங்களா. பதினோரு வருஷமா ஒருத்தரும் ஒண்ணும் கேட்டதில்ல.

பாப்பா கேட்டுச்சு. 'சார், எந்த சர்வர் எந்த வெர்ஷனை நம்பி ஓடுதுன்னு ஒரு லிஸ்ட் எடுத்துட்டு அழிக்கலாமே'ன்னு. எடுக்கலாம் கண்ணு, பதினாலு கிளைக்கும் லிஸ்ட் எடுக்க ரெண்டு வாரமாகும், பூஜை ரெண்டு வாரம் தள்ளிப் போகுமான்னேன். சிரிச்சுட்டுப் போயிருச்சு.

அன்னைக்கு மத்தியானம் பன்னண்டு மணிக்கு வந்து நின்னுச்சு. 'சார், எங்கப்பா பட்டறையிலயும் இன்னைக்கே மூணரைக்குப் பூஜை, நான் இல்லைன்னா அவரு ஆரம்பிக்க மாட்டாரு, போகட்டுமா'ன்னுச்சு. நான் தங்கமான மனுசனுங்க. அரை நாள் லீவு எதுக்கு வீணாப் போகுது, அஞ்சு மணிக்குப் போனதா ரிஜிஸ்டர்ல இப்பவே கையெழுத்துப் போட்டுட்டுப் போ, நான் பார்த்துக்கறேன்னு அனுப்பினேன். அதை ஒருத்தரும் இப்ப நெனைச்சுப் பார்க்கறதில்ல. போகும்போது, அவசரத்துக்கு இருக்கட்டும், உன் பாஸ்வேர்டை எழுதிக் குடுத்துட்டுப் போன்னேன். ஒரு நிமிசம் யோசிச்சுச்சு. அப்புறம் எழுதிக் குடுத்துச்சு. 'சார், பழசு அழிக்கறதை நான் பூஜை கழிஞ்சு வந்து பண்ணிக்கறேன், நீங்க கஷ்டப்படாதீங்க'ன்னு சொல்லிட்டுப் போச்சு.

கஷ்டப்படாதீங்கன்னுதானுங்க சொல்லுச்சு. அழிக்காதீங்கன்னு சொல்லல.

மூணு இருபதுக்கு உக்காந்தேன். பாப்பா ஐடியில உள்ள போனேன். பழசை எல்லாம் வரிசையாக் குறிச்சேன். அழிக்கட்டுமான்னு மெஷின் கேட்டுச்சு. ஆமான்னு தட்டினேன். மூணு நாப்பதுக்கு வேலை முடிஞ்சுது. எத்தனை இடம் மிச்சமாச்சு தெரியுங்களா? மனசுக்கு அப்படி ஒரு நிறைவு. ஒயரைக் கழட்டிட்டு, சந்தனம் குழைக்கப் போயிட்டேன்.

மறு நாள் காலையில ஏழு மணிக்குத் தாராபுரம் கிளையில ரத்த வங்கி சர்வர் படுத்துருச்சு. அன்னைக்குப் பார்த்து. வேற மெஷின்ல புதுசா ஏத்தணும். அங்க இருக்கற டெக்னீசியன் பையன் ஏத்தப் பார்க்கறான், ரெப்போ கெடைக்கலை. எனக்குப் போன் பண்றான். நான் சொன்னேன், தம்பி, அது பூஜையில இருக்குது, நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு எடுத்துடறேன், அது வரைக்கும் சமாளின்னு. அவன் திரும்பப் பண்றான். திரும்பச் சொன்னேன். அப்புறம் மேனேஜரே பண்ணினாரு. அவரு பேசின பேச்சை உங்க வீட்டுல உக்காந்து சொல்லக்கூடாதுங்க.

சரின்னு போனேன். ஒரு தேங்காய் உடைச்சு, சாமிகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு, ஒயரை மாட்டினேன். மணி எட்டே முக்கா. அப்பத்தான் தெரிஞ்சுது, அந்த ரத்த வங்கி சாஃப்ட்வேர் பழைய வெர்ஷன் ஒண்ணு இருந்தாத்தான் ஓடும்னு. நான் கழிச்சதுல ஒண்ணு அது. அதைப் பண்ணின கம்பெனியே இழுத்து மூடிட்டாங்க, வெளிய எங்க தேடியும் இல்ல. விவரம் எல்லாம் பத்திரமா இருக்குது, பெட்டி இருக்குது, சாவி மட்டும் இல்ல. அந்த மாதிரிங்க.

அங்க பிரசவ வார்டுல ஒரு பொண்ணு. ரத்தம் நிக்கலை. லட்சத்துல ஒருத்தருக்கு இருக்கற குரூப்பாம். கையிருப்புல இல்ல. அந்த குரூப்புல குடுக்கறவங்க யாரு யாரு, எந்த ஊரு, என்ன போன் நம்பரு, அத்தனையும் அந்த சர்வருக்குள்ள. நான் ஆஸ்பத்திரி கார்ல தாராபுரம் போறேன். எதுக்குப் போறேன்னே தெரியலீங்க, போய் என்ன பண்ணப் போறேன்? கையில ஒண்ணும் இல்ல. கார்ல உக்காந்துட்டு, முருகா முருகான்னு அந்தப் பேரை மட்டும் சொல்லிட்டுப் போனேன். ஒரு பொண்ணு செத்தா அது என் கையால செத்த மாதிரிதானேன்னு தோணுச்சு. அப்புறம், நான் தனியாளா, ஊருல இருக்கற எல்லாப் பழசுக்கும் நான்தான் பொறுப்பான்னும் தோணுச்சு.

பதினோரு மணிக்கு உங்க பொண்ணு வந்து நிக்குது. கையில ஒரு டிஸ்க். தாராபுரத்துப் பையன் பாப்பாவுக்கும் போன் பண்ணியிருக்கான். பூஜைக்கு ரெண்டு நாள் முன்னாடியே என் ரெப்போவை அப்படியே அதுல காப்பி எடுத்து வெச்சிருந்திருக்குது. மாட்டுச்சு, ஏத்துச்சு, இருபத்தஞ்சு நிமிசத்துல லிஸ்ட் வந்துருச்சு. மூலனூர்ல ஒருத்தரு, வாழைத்தார் வெட்டிட்டு இருந்தவரு, அப்படியே வந்து ரத்தம் குடுக்கப் படுத்தாரு. தாயும் பொழைச்சுது, கொழந்தையும் பொழைச்சுது.

அன்னைக்கு வாசல்ல வேப்ப மரத்தடியில வண்டி மேல உக்காந்திருந்தது நீங்களாங்க? நீங்கதான் கூட்டிட்டு வந்தீங்களா? நான் யாரோ ஆட்டோக்காரருன்னு நெனைச்சுட்டு, கொஞ்சம் தள்ளி நிறுத்துங்கன்னு சொன்னேன். மன்னிச்சுக்கங்க.

இப்ப நீங்க சொல்லுங்கண்ணா, பெரியவரு, நியாயம் தெரிஞ்சவரு. பாப்பா பண்ணினது சரிங்களா? நல்லதுதான் நடந்துச்சு, இல்லைங்கல. ஆனா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம என் ரெப்போவைக் காப்பி எடுத்தா என்ன அர்த்தம்? இந்த ஆளு எப்படியும் எதையாவது கெடுத்து வெப்பான்னுதானே? பதினோரு வருஷம் பார்த்தவன் மேல ரெண்டு வருஷத்துப் புள்ளைக்கு நம்பிக்கை இல்ல. அது எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுங்களா? அன்னைக்கு எல்லாரும் பாப்பாவைச் சுத்தி நின்னு கை குடுக்கறாங்க. நான் ஒரு மூலையில நிக்கறேன்.

அந்தப் பொண்ணோட புருசன் எழுதிக் குடுத்துட்டான், நாலு மணி நேரம் தாமதம் ஏன்னு. எழுதத்தானே செய்வான். மேலிடத்துல விசாரணை போட்டாங்க. மெஷின்ல பார்த்தாங்க, அழிச்சது யாருன்னு. சுகிர்தான்னு இருக்குது. ரிஜிஸ்டரைப் பார்த்தாங்க, அஞ்சு மணி வரைக்கும் இருந்ததாப் பாப்பா கையெழுத்து. வெளிய இருந்து அந்த மெஷினுக்குள்ள போகவே முடியாது, ரூம்ல உக்காந்திருந்தாத்தான் முடியும். அதுக்கு மேல அந்த டிஸ்க். அழிக்கறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே காப்பி எடுத்திருக்குது, அதையும் வீட்டுக்குக் கொண்டு போயிருக்குது, அப்ப இது திட்டம் போட்டுப் பண்ணினது, தானே கெடுத்துத் தானே காப்பாத்திப் பேரு வாங்கப் பார்த்திருக்குதுன்னு ஒருத்தரு சொன்னாரு. நான் சொல்லலீங்க. சத்தியமா நான் அப்படிச் சொல்லல.

மொத விசாரணையில பாப்பாவைக் கேட்டாங்க. 'நான் அழிக்கலைங்க சார்'னுச்சு. அப்ப யாருன்னாங்க. பாப்பா என்னை ஒரு பார்வை பார்த்துச்சு. 'எனக்குத் தெரியலைங்க சார்'னுச்சு. அத்தோட நிறுத்திக்கிச்சு. என் மேல அத்தனை மரியாதை அதுக்கு.

என்னைக் கேட்டாங்க. அழிச்ச நேரத்துல அந்தப் பொண்ணு ரூம்ல இருந்துச்சான்னு. நான் பார்க்கலைங்கன்னேன்.

பொய் சொல்லலீங்கண்ணா. பார்க்கலைன்னுதான் சொன்னேன். பார்க்கலைதானே? இல்லாத ஆளை எப்படிப் பார்க்கறது?

அப்படிப் பார்க்காதீங்க. எனக்கு ஆசையா? எங்க வீட்டுல, தனபாக்கியம், அதுக்கு ரெண்டு கிட்னியும் போயிருச்சுங்க. மூணு வருஷமாச் செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். எங்க ஆஸ்பத்திரியிலயே, ஸ்டாஃப் குடும்பம்னு அதுக்குன்னு ஒரு பெட்டு. நர்ஸம்மாங்க எல்லாம் அக்கா அக்காங்கும். நான் ஸ்டாஃபா இருக்கற வரைக்கும்தான் அந்தப் பெட்டு. நாளைக்கு என்னை வெளிய போன்னாங்கன்னா, அடுத்த செவ்வாய்க்கிழமை நான் அவளை எங்கண்ணா கூட்டிட்டுப் போவேன்? ஒரு தவணை தப்பினா கால் வீங்கும், ரெண்டு தப்பினா மூச்சு வாங்கும். மூணாவதுக்கு எனக்குக் கணக்குத் தெரியாது. அம்பத்தாறு வயசுல எவன் எனக்கு வேலை குடுப்பான்? பாப்பாவுக்கு இருபத்தாறு. பெங்களூர்ல ஒரு மாசத்துல கெடைச்சுரும். நானே எழுதிக் குடுக்கறேன், இது மாதிரி புள்ளை கெடைக்காதுன்னு.

நான் கேக்கறது ரெண்டே ரெண்டு. நாளைக்குப் பாப்பா, கவனக்கொறைவாத் தட்டிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லணும். போலீசுக்கெல்லாம் போக மாட்டாங்க, ராஜினாமா வாங்கிட்டு விட்டுருவாங்க, நான் விசாரிச்சுட்டேன். இன்னொண்ணு, ஒரு போட்டோ. அன்னைக்குப் பட்டறைப் பூஜையில நீங்களும் பாப்பாவும் நிக்கற மாதிரி ஒண்ணு பாப்பா ஸ்டேட்டஸ்ல வெச்சிருந்துச்சு. நானும் பார்த்தேன், மூணு முப்பத்தஞ்சுன்னு கீழ மணி வேற போட்டிருந்துச்சு. மறு நாள் ஸ்டேட்டஸ் போயிருச்சு, ஆனா உங்க போன்ல இருக்கும். அது மட்டும் நாளைக்கு அங்க வந்துச்சுன்னா என் கதை முடிஞ்சுதுங்க. பாப்பா இது வரைக்கும் காட்டலை. உங்களை யாராவது கேட்டாலும் நீங்க...

ஏனுங்கண்ணா லேத்தை நிறுத்தச் சொல்லிட்டீங்க.

ஓடட்டும்னு சொன்னேனே. சரி. சரிங்க.

ஆமாங்க, இதேதான். இதே போட்டோதான். கால்ல வேணாலும் விழறேன், இதை அழிச்சிருங்கண்ணா. ஒரு படம்தானே. பழசு. உங்ககிட்ட எத்தனை வருஷத்துப் பூஜைப் படம் இருக்கும், இதொண்ணு இல்லைன்னா என்ன.

என்னது, நானேயா?

இல்லீங்க, உங்க போனு, நான் எப்படி. அழிச்சுப் பழகினவரு நீங்கதானேங்கறீங்க. சரி குடுங்க. குடுங்க, நானே பண்றேன். ஒரு நிமிசம் வேலை.

ரெண்டு பேரும் பளிச்சுனு நிக்கறீங்க. லேத்துக்கு வாழைக்கன்னு கட்டியிருக்கீங்க. ஸ்பேனரு, அளவு பார்க்கற வெர்னியரு, எல்லாத்துக்கும் வரிசையாப் பொட்டு வெச்சிருக்குது. பாப்பா வெச்சதாத்தான் இருக்கும், அது அப்படித்தான் வரிசையா வெக்கும்.

இது என்னங்க, வெர்னியருக்குப் பக்கத்துல? கருப்பா, குங்குமம் வெச்சு. கொஞ்சம் பெருசு பண்ணிப் பார்க்கறேன். இது அந்த டிஸ்க்குங்க. தாராபுரத்துக்குக் கொண்டு வந்தது. அன்னைக்கே அது மேல குங்குமம் இருந்துச்சு, எங்க இருந்து வந்துச்சுன்னு நான் கேக்கவே இல்ல. அப்ப பாப்பா இதைப் பூஜையில வெச்சிருந்திருக்குது. வெச்சதை எடுத்துட்டு வந்திருக்குது. விஜயதசமி வரைக்கும் தொடக்கூடாதுன்னு நீங்க ஒண்ணும் சொல்லலீங்களா?

எடு சாமி, அங்க ஒரு உசுரு கெடக்குதுன்னு நீங்கதான் சொன்னீங்களா.

அதுல என்னமோ ஒட்டி எழுதியிருக்குதுங்க. கண்ணாடி எடுத்துக்கறேன். சிகாமணி சார் ரெப்போ. அவ்வளவுதான் எழுதியிருக்குது. என் பேரை எதுக்கு எழுதியிருக்குது?

நீங்களும் கேட்டீங்களா? என்ன சொல்லுச்சுங்க?

இன்னொருக்காச் சொல்லுங்கண்ணா.

'எங்க சார் பதினோரு வருஷமாச் சேர்த்ததுப்பா. பழசு கழிக்கறேன்னு எதையாவது தெரியாமக் கழிச்சுட்டா அவருக்குக் கெட்ட பேரு வந்துரும், அதுக்குத்தான் எடுத்து வெச்சேன்'னா. அப்படியேவா சொல்லுச்சு? கெட்ட பேரு வந்துரும்னா?

ஒண்ணும் இல்ல. தண்ணி வேண்டாம்.

போன் கேக்குதுங்க, இதை அழிக்கட்டுமான்னு. அன்னைக்கும் மெஷின் இப்படித்தான் கேட்டுச்சு. யோசிக்கவே இல்ல, தட்டிட்டுச் சந்தனம் குழைக்கப் போயிட்டேன். இப்பக் கை போக மாட்டேங்குது. இந்தாங்க, வாங்கிக்கங்க. அழிக்கலை, அப்படியேதான் இருக்குது, பாருங்க. வாங்கிக்கங்கண்ணா, நான் வெச்சிருந்தா மறுபடி மனசு மாறிரும். அந்தப் பெட்டுல அவ படுத்திருக்கறது ஞாபகம் வந்தா நான் என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியாது.

வண்டி சத்தம் கேக்குது. பாப்பாவா?

வா கண்ணு. ஆமா, நான்தான். சும்மா இல்ல, ஒரு வேலையாத்தான். என்னது? ஆமா, இன்னைக்கு வெள்ளிக்கிழமைதான். அக்காவுக்கு ஆரம்பிச்சு விட்டுட்டுத்தான் வந்தேன், நாலு மணிக்குள்ள போயிருவேன். காலு வீக்கம் இல்ல. நல்லா இருக்கறா. நீ கேட்டதாச் சொல்றேன்.

பையைக் கீழ வெச்சுட்டு இப்படி உக்காரு கண்ணு. நாளைக்குப் பத்து மணிக்கு உங்கப்பா போனை எடுத்துட்டு வா. அன்னைக்கு நான் பார்க்கலைன்னு சொன்னேனில்ல, அது முழுசு இல்ல, மீதியை மொதல்ல உன்கிட்ட சொல்லணும்.

லேத்தைப் போட்டு விடுங்கண்ணா. இந்த அமைதியில எனக்கு வர மாட்டேங்குது.